கிளிக்கு மிளகாய் உறைக்காது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் வீட்டுக்குறிப்புப் பகுதியில், கதவிலும் நாற்காலிக் காலிலும் மிளகாய்த்தூளைக் குழைத்துப் பூசினால் வளர்ப்புக் கிளி கடிக்காது என்று ஒரு யோசனை வந்திருந்தது. எழுதியவர் நாய் வளர்ப்பவராக இருக்க வேண்டும். நானும் நம்பிப் பூசினேன். எங்கள் சுப்பு முதலில் பூச்சை நக்கித் தீர்த்தான், அப்புறம் கதவுக்கு வந்தான்.

மிளகாய்த் தோட்டம் வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் கிளி பழம் தின்னும் கதையைச் சொல்வார்கள். காரத்துக்குக் காரணமான காப்சைசின் நம் நாக்கை எரிக்கும், நாயின் நாக்கை எரிக்கும். பறவைகளுக்கு அது உறைப்பதே இல்லை. பூசிய கையால் கண்ணைத் தேய்த்துக்கொண்டு அரை மணி நேரம் குழாயடியில் நின்றது நான்தான்.

சுப்பு பச்சைக்கிளி அல்ல, சன் கோன்யூர். தென் அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியைச் சேர்ந்த மஞ்சள் நிறக் கிளி. (நம்மூர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் அடைப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதையும் அந்தக் குறிப்பில் ஒரு வரி சேர்த்திருக்கலாம்.) எடை 110 கிராம்தான் இருக்கும். ஐந்து வருடத்தில் அவன் தீர்த்துக் கட்டியவை: இரண்டு சார்ஜர் வயர், குக்கர் கேஸ்கெட், டிவி ரிமோட்டின் பொத்தான்கள், என் செருப்பு வார், கொசுவலை. மாமியாரின் பஞ்சாங்கத்தில் ஆடி மாதம் முழுக்கக் காணோம். மாமியார் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். ஆண்டாள் கையில் இருக்கும் கிளியை அங்கே தினமும் இலையாலும் மாதுளம்பூ மூக்காலும் புதிதாகச் செய்கிறார்கள். "வாடகை வீட்டுக்கு அந்தக் கிளிதான் சரி" என்பார்.

அடித்துப் பார்த்தாயா, மூக்கைச் சீவினாயா, இறக்கையை வெட்டினாயா என்று பலர் கேட்டுவிட்டார்கள். இறக்கையை வெட்டினால் பறக்காது, அவ்வளவுதான். கடிப்பது அதற்குக் குறும்பில்லை, தொழில். அலகு நம் நகம் மாதிரி வளர்ந்துகொண்டே இருக்கிறது. காட்டில் மரப்பட்டையைப் பிய்த்து, கொட்டையை உடைத்து, பொந்தைக் கொத்திப் பெரிதாக்கியே பொழுது போய்விடும். இங்கே கிண்ணத்தில் தினையைக் கொட்டிவிட்டு நாம் ஆபீஸ் போய்விட்டால் அது வேறு என்ன செய்யும்? திரும்பி வந்து "ஐயோ" என்று கத்திக்கொண்டு ஓடினால் அதற்கு ஒரே குஷி. மறுநாளும் அதே இடத்தில்தான் கடிக்கும்.

எனக்குப் பலன் தந்தது ஒன்றுதான்: கதவைவிட ருசியான மரம். எதிர்வீட்டு மாமி தரும் கொய்யாக் கிளை, இளநீர்க்காரர் தரும் மட்டை, தோலோடு சோளக்கதிர், பழைய பனையோலை விசிறி. தினையைக் கிண்ணத்தில் போடாமல் தாளில் பொட்டலம் கட்டித் தொங்கவிடுகிறேன். வீடு குப்பையாகிறது, பெருக்கிக்கொள்ளலாம். கதவு பிழைத்தது என்று சொல்ல மாட்டேன், சேதம் பாதியாகக் குறைந்திருக்கிறது.

எல்லாவற்றையும் கடித்துப் பார்க்கும் பறவை என்பதால் வேறு பயமும் உண்டு. பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். எங்கள் பெங்களூரில் ஜூஸ் கடைக்குக் கடை கிடைக்கும் பட்டர் ஃப்ரூட் (அவகாடோ) கிளிக்கு விஷம். நான்ஸ்டிக் கல் அளவுக்கு மீறிச் சூடானால் வரும் புகையே போதும், உயிர் போய்விடும். நான் இரும்புத் தோசைக்கல்லுக்கு மாறி மூன்று வருடம் ஆகிறது.

விற்ற கடைக்காரர் இதில் எதையும் சொல்லவில்லை. "சத்தமே போடாது மேடம்" என்றார். காலை ஆறு மணிக்கு எங்கள் தெருவுக்கே அலாரம் சுப்புதான். 2024இல் வந்த விதிகளின்படி இந்த வகையைப் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்பதையும் நானாகத்தான் தெரிந்துகொண்டேன். இருபது வருடத்துக்கு மேல் வாழக்கூடிய பறவை. வாங்கும் முன் இத்தனையும் வாசகர்களுக்குத் தெரிய வேண்டாமா? அடுத்த இதழில் அந்த மிளகாய்க் குறிப்புக்கு ஒரு திருத்தமாவது போடுங்கள்.

எங்கள் கவலை இப்போது அட்வான்ஸ். பத்து மாத வாடகை ஓனரிடம் இருக்கிறது. அடுத்த வாரம் வீட்டைப் பார்க்க வருகிறாராம். கதவில் பிய்ந்த இடத்தை மறைத்துத் தினசரிக் காலண்டர் மாட்டியிருக்கிறேன். நேற்றுப் பார்த்தால் அதில் தேதி வரும் வெள்ளிக்கிழமைக்குப் போயிருந்தது.

இப்படிக்கு,
அல்சூர் வாசகி,
பெங்களூரு