நர்டூவைக் காட்டு, மரம் பிறகு

அன்பு மகளுக்கு,

ஆஸ்திரேலிய உள்நாட்டு ஓடையான கூப்பர் கிரீக்குக்கு ஆட்களைக் கூட்டிப்போகும் வேலை கிடைத்ததில் சந்தோஷம். வண்டியில் ஏறியதுமே எல்லோரும் டிக் மரத்தைத்தான் கேட்பார்கள், அடியில் உணவைப் புதைத்துவிட்டு ‘டிக்’ (தோண்டு) என்று செதுக்கிவைத்த மரம். இன்னமின்கா ஊரிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். நாலு மாதம் காத்திருந்த முகாம்காரர்கள் 1861 ஏப்ரல் 21 காலையில் கிளம்பிப் போக, அன்று மாலையே அவர்கள் காத்திருந்த ஆய்வுப் பயணிகள் பர்க், வில்ஸ், கிங் மூவரும் வடகோடிவரை போய்த் திரும்பி வந்து சேர்ந்தார்கள். இது தெரிந்துதான் வருவார்கள், இழுக்காதே. ‘தோண்டு’ என்று செதுக்கிய இடத்தைப் பட்டை மூடிவிட்டது. முன்பே சொல்லிவிடு, இல்லாவிட்டால் ஏமாந்த முகங்களோடு நிற்பாய்.

நீ நேரம் செலவழிக்க வேண்டியது நர்டூச் செடியிடம். வெள்ளம் வடிந்த சேற்றில் நாலு இலை விரித்து நிற்கும், நம் ஆரைக்கீரையின் இனம். நாம் இலையைச் சமைக்கிறோம். இந்த ஓடைக்கரையின் பூர்வகுடிகளான யாண்ட்ருவாந்தா மக்கள் எடுப்பது அடியில் காய்க்கும் வித்துக்கூட்டை. பருப்பு அளவுதான், கடித்தால் பல் போகும். அதைக் கல்லில் வைத்துத் தண்ணீர் விட்டு விட்டு அரைப்பார்கள். நீர்த்த கூழை மட்டிச் சிப்பியால் அள்ளிக் குடிப்பார்கள்.

சூட்சுமம் அந்தத் தண்ணீரில் இருக்கிறது. நர்டூவில் உள்ள தயாமினேஸ் என்ற நொதி பி1 வைட்டமினைச் சிதைத்துவிடும். தண்ணீர் விட்டு அரைக்கும்போது அதன் வீரியம் குறைகிறது என்பது ஆய்வாளர்கள் கணிப்பு. பர்க், வில்ஸ், கிங் மூவரும் மாவை மட்டும் பார்த்தார்கள், பக்குவத்தைக் கற்கவில்லை. வயிறு நிறையத் தின்றும் வில்ஸ் மெலிந்தார். நாட்குறிப்பின் கடைசிப் பதிவில் நாடி 48 என்று எழுதினார். பி1 குறைவால் வரும் பெரிபெரி நோய்தான் இன்று வலுவான விளக்கம்.

பட்டினி என்ற சொல்லை மட்டும் ஒப்புக்கொள்ளாதே. பக்கத்திலேயே மீன் பிடிக்கும் மக்கள் இருந்தார்கள், கேட்காமலே கொடுத்தார்கள். பர்க் ஒரு நாள் அவர்கள் கொண்டுவந்த மீனைத் தட்டிவிட்டு, கிங்கைச் சுடச் சொன்னார். மற்ற இருவரும் இறந்தபின் கிங் அந்த மக்களிடமே போய்ச் சேர்ந்தார். ஒரு பெண்ணின் கைப்புண்ணுக்கு மருந்து போட்டார், அவர்கள் சோறு போட்டார்கள். தேடி வந்த ஹோவிட் குழு செப்டம்பர் 15-இல் கண்டெடுத்தபோது உயிரோடு இருந்தது அவர் ஒருவர்தான்.

கள்யமுரா மடுவின் கரைப் பாறைச் செதுக்கல்களுக்குக் கூட்டிப்போகுமுன் யாண்ட்ருவாந்தா யவாரவர்க்கா அமைப்பிடம் கேள்; 2015-இல் அந்த நிலத்தில் அவர்கள் உரிமையை நீதிமன்றமே ஏற்றது. வண்டியில் வருபவர்கள் படம் தெளிவாக வர வேண்டும் என்று பாறைமேல் தண்ணீர் ஊற்றுவார்கள், சுண்ணக்கட்டியால் கோடு இழுப்பார்கள். விடாதே. அங்கே கிடக்கும் பழைய அரைகல்லைப் பையில் போட்டால் தென் ஆஸ்திரேலியாவின் 1988 பூர்வகுடிப் பாரம்பரியச் சட்டப்படி குற்றம். யாருக்கும் பை நிறைந்தபின் சொல்லிப் பயனில்லை, இறங்குமுன் சொல்.

வண்டிக்கு இரண்டு உபரி டயர், ஆளுக்கு நாளொன்றுக்குப் பத்து லிட்டர் தண்ணீர். மழை பெய்தால் ஸ்ட்ரெசெலெக்கி பாதையை மூடிவிடுவார்கள். காலையில் சாலை நிலவரம் பார்க்காமல் சாவியைத் தொடாதே. கோடையில் 40 டிகிரியைத் தாண்டும், அப்போது குழுவே எடுக்காதே.

நர்டூ மாவில் ரொட்டி சுட்டுப் பார்க்கலாமா என்று குழுவில் ஒருவராவது கேட்பார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஏன் என்று அந்தக் கல்லருகில் வைத்துச் சொல்.

அப்பா