கிளாக்கோமாவுக்கு கஞ்சா: அந்த மணிக்கணக்கையும் போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கிளாக்கோமாவை, அதாவது பெரும்பாலும் கண்ணுக்குள்ள பிரஷர் ஏறி பார்வை நரம்பைக் கெடுக்குற நோயை, கஞ்சா சரி பண்ணிடும்னு வாட்ஸ்அப்ல வீடியோ சுத்திக்கிட்டே இருக்கு, அதைப் பத்தி உங்க பேப்பர்ல விவரமா ஒரு கட்டுரை போடணும்னு கேட்டுத்தான் இதை எழுதுறேன். எங்க அப்பா அப்படி ஒண்ணைப் பாத்துட்டு, ஏதோ கஞ்சா எண்ணெய் வாங்கி நாக்குக்கு அடியில விட்டுக்கிட்டு, ராத்திரி போடுற சொட்டு மருந்தை எங்க யார்கிட்டயும் சொல்லாம ரெண்டு மாசம் நிறுத்திட்டாரு. செக்கப்புக்குப் போனப்ப கண் பிரஷர் 30-ஐத் தாண்டியிருந்துச்சு, பக்கப் பார்வையும் கொஞ்சம் போயிருந்துச்சு. நரம்பு போனா போனதுதான், திரும்ப வராது.

வீடியோல சொல்றது மொத்தமும் பொய்னு சொல்ல மாட்டேன். 1971-லயே அமெரிக்காவுல ஹெப்லர், ஃபிராங்க்னு ரெண்டு பேர் கஞ்சா புகைச்சா கண் பிரஷர் குறையுதுன்னு எழுதியிருக்காங்க. ராபர்ட் ராண்டால்னு ஒரு கிளாக்கோமா நோயாளி செடி வளத்த கேஸ்ல மாட்டி, இது இல்லாட்டி என் பார்வை போயிடும்னு வாதாடி 1976-ல ஜெயிச்சாரு, அந்த நாட்டு அரசாங்கமே அவருக்கு கஞ்சா சப்ளை பண்ணுச்சு. கண்ணு போயிட்டிருந்த மனுஷன், அவரைக் குத்தம் சொல்ல எனக்கு மனசு வரல.

ஆனா பிரஷர் குறையுறது மூணு நாலு மணி நேரத்துக்குத்தான், அதை யாரும் சொல்றதில்ல. கிளாக்கோமாவுல 24 மணி நேரமும் பிரஷர் கட்டுக்குள்ள இருக்கணும், அப்போ ஒரு நாளைக்கு ஆறு எட்டு தடவை, நடுராத்திரி எழுந்திருச்சும் புகைக்கணும், அப்படி இருந்தா எவன் வண்டி ஓட்டுறது, எவன் வேலைக்குப் போறது? அதோட ரத்த அழுத்தமும் இறங்கும், கண் நரம்புக்குப் போற ரத்தம் குறைஞ்சுடுமோன்னு டாக்டருங்க பயப்படுறாங்க. எண்ணெய்ல இருக்குற சிபிடி (CBD, கஞ்சாவுல இருக்குற ஒரு வேதிப்பொருள்) இன்னும் மோசம், 2018-ல எலி கண்ணுல விட்டுப் பாத்தப்ப கண் பிரஷர் ஏறியிருக்கு. அமெரிக்க கண் மருத்துவர்கள் சங்கமே கிளாக்கோமாவுக்கு கஞ்சாவை சிபாரிசு பண்றதில்ல.

ராண்டால் காலத்துல இன்னைக்கு இருக்குற மருந்தெல்லாம் கிடையாது. லேட்டானோபிராஸ்ட் 1996-லதான் வந்துச்சு, ராத்திரி ஒரே ஒரு சொட்டு, நாள் முழுக்க வேலை செய்யுது. அப்பா இப்போ ஒன்பது மணிக்கு அலாரம் வெச்சுப் போட்டுக்கிறாரு. கட்டுரை போட்டீங்கன்னா அந்த மூணு நாலு மணி நேரக் கணக்கைத் தலைப்புக்குக் கீழயே பெரிய எழுத்துல போடுங்க சார், எங்க அப்பா மாதிரி ஆளுங்க அதுக்குக் கீழ படிக்க மாட்டாங்க.

இப்படிக்கு,
உங்கள் வாசகி