பயிற்றுநருக்குக் காலம் கொடுங்கள்: ஹொக்கி நியமனங்கள் குறித்து ஒரு திறந்த மடல்

கிழக்கு மாகாணத்தில் பாடசாலை அணிகளுக்கும் மாவட்ட அணிகளுக்கும் பயிற்றுநர்களைத் தெரிவுசெய்யும் அதிகாரிகளுக்கு,

மதிப்பிற்குரியீர்,

திருகோணமலையில் உதைபந்தாட்டத்துக்கும் கிரிக்கெட்டுக்கும் கூடும் பிள்ளைகளோடு ஒப்பிட்டால் ஹொக்கி மட்டையைத் தொடுவோர் மிகச் சிலரே. அந்தச் சிலருக்கும் ஒரு போட்டித்தொடர் கைநழுவியதும் பயிற்றுநரை மாற்றிவிடுவது வழக்கமாகி வருகிறது. புதியவரைத் தேடும்போது அவர் வென்ற பதக்கங்களை எண்ணுகிறோமே தவிர, அவருக்கு எத்தனை ஆண்டு கொடுக்கப்போகிறோம் என்று யோசிப்பதில்லை. இவ்வழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை, இந்திய ஹொக்கி அணிக்குத் தலைவராகவும் பின்னர் பயிற்றுநராகவும் இருந்த, தமிழகம் தந்த வாசுதேவன் பாஸ்கரனின் வாழ்க்கையைக் கொண்டு சொல்ல விரும்புகிறேன்.

1976இல் மொன்றியலில்தான் ஒலிம்பிக் ஹொக்கி முதன்முறையாகச் செயற்கைத் தரையில் ஆடப்பட்டது. 1928 முதல் ஒவ்வொரு ஒலிம்பிக்கிலும் ஹொக்கிப் பதக்கம் வென்றுவந்த இந்தியா அங்கே ஏழாம் இடத்துக்கு இறங்கியது. அந்த அணியில் பாஸ்கரனும் இருந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து மொஸ்கோவில், இடது அரைக்கள ஆட்டக்காரரான அவரது தலைமையில், இறுதியாட்டத்தில் ஸ்பெயினை 4-3 என்று வென்று இந்தியா தங்கம் பெற்றது. பல வலிய அணிகள் புறக்கணித்த விழா அது என்று அவ்வெற்றியைக் குறைத்துப் பேசுவோர் இன்றும் உண்டு. (வராதவர்களை எந்தத் தலைவரால் வெல்ல முடியும்?) அதன்பின் இந்தியாவுக்கு ஒலிம்பிக் ஹொக்கித் தங்கம் கிடைக்கவில்லை.

பயிற்றுநராக அவர் கண்டது வேறு. 1998 பாங்கொக் ஆசிய விளையாட்டு விழாவில் 32 ஆண்டுகளுக்குப் பின் இந்தியாவுக்குத் தங்கம் பெற்றுத் தந்த பயிற்றுநர், மொஸ்கோ இறுதியாட்டத்தில் கோல் போட்ட எம். கே. கௌசிக். தங்கம் வென்ற அவரையே பதவியில் நீடிக்க விடவில்லை என்பது அன்றைய நிர்வாகத்தின் போக்கைக் காட்டப் போதும். பின்னர் பொறுப்பேற்ற பாஸ்கரனின் அணி, 2000 சிட்னி ஒலிம்பிக்கின் கடைசிக் குழுநிலை ஆட்டத்தில் போலந்துக்கு எதிராக முன்னிலையில் இருந்தும், ஆட்டம் முடியும் தறுவாயில் ஒரு கோலை விட்டு 1-1 எனச் சமநிலை கண்டு அரையிறுதியை இழந்தது. மொஸ்கோவிலும் போலந்துடன் 2-2 சமநிலைதான். ஆனால் அங்கே ஈடுசெய்ய வேறு ஆட்டங்கள் மீதமிருந்தன. 2006இல் மீண்டும் அழைக்கப்பட்டபோது உலகக் கிண்ணம் நெருங்கிவிட்டிருந்தது. அணி பதினோராம் இடம் பெற்றது. அவ்வாண்டு இறுதியில் தோஹா ஆசிய விளையாட்டு விழாவிலும் பதக்கமின்றித் திரும்பியது.

நல்ல ஆட்டக்காரர் நல்ல பயிற்றுநர் ஆகமாட்டார் என்று இதிலிருந்து முடிவுகட்டுவது எளிது. எனக்கு அது சோம்பலான முடிவாகவே படுகிறது. மொன்றியலில் தோற்ற ஆட்டக்காரருக்கு நான்கு ஆண்டு கிடைத்தது. தோஹாவுக்குப் போன பயிற்றுநருக்குச் சில மாதங்களே கிடைத்தன. அண்மையில் இந்தியா சற்று விவேகமாக நடந்துகொண்டிருக்கிறது. 2024 பாரிஸில் வெண்கலத்துடன் ஓய்வுபெற்ற கோல்காப்பாளர் பி. ஆர். ஸ்ரீஜேஷை மூத்த அணிக்கு அனுப்பாமல் இளையோர் அணிக்குப் பயிற்றுநராக்கினார்கள். அவ்வாண்டு மஸ்கட்டில் இளையோர் ஆசியக் கிண்ணமும், 2025இல் சென்னையிலும் மதுரையிலும் நடந்த இளையோர் உலகக் கிண்ணத்தில் வெண்கலமும் கிடைத்தன.

நம் மாவட்டத்துக்கு இது இன்னும் பொருந்தும். வாடைக்கால மழையில் மைதானங்கள் வாரக்கணக்கில் ஊறிக் கிடப்பதால், ஓராண்டு நியமனம் உண்மையில் சில மாத நியமனமே. மேடுபள்ளத் தரையில் துள்ளிவரும் பந்தை நிறுத்தப் பழகிய பிள்ளை, செயற்கைத் தரையில் அதே பந்து வழுக்கி விரைந்து வரும்போது தடுமாறுகிறது. அந்த வேகத்துக்குக் கையையும் கண்ணையும் பழக்குவது ஒரு பருவத்தில் முடியும் வேலையன்று.

ஆகவே, ஹொக்கிப் பயிற்றுநர் நியமனங்கள் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்கு எழுத்தில் வழங்கப்பட வேண்டும். ஆட்டத்திலிருந்து ஓய்வுபெற்று வருவோரை முதலில் பதினைந்து வயதுக்குட்பட்ட அணிகளுடன் பணியாற்ற வைத்து, அந்நாட்களிலேயே பயிற்றுநர் கற்கைநெறிக்கும் அனுப்ப வேண்டும். மூன்றாண்டு முடியும்வரை, நடத்தைக் குறைபாடு இருந்தாலொழிய, ஒரு தொடரின் தோல்வியைக் காரணங்காட்டி எவரையும் நீக்கக்கூடாது. அடுத்த ஆண்டுக்கான நியமனக் கடிதங்கள் அச்சாகுமுன் இவற்றைப் பரிசீலித்து, எடுக்கும் முடிவைப் பாடசாலைகளுக்கு எழுத்தில் அறியத்தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர்,
திருகோணமலை