கஞ்சியில் செய்த பேய்

நேப்பர்வில், அமெரிக்கா,
30.10.2025

அன்புள்ள கலா,

உன் கடிதமும் கொலுப் படங்களும் வந்து சேர்ந்தன. செட்டியார் பொம்மைக்கு முன்னால் வைத்திருக்கிறாயே, அந்தக் குட்டித் தராசு எங்கே கிடைத்தது? அத்தைக்கு முட்டிவலி குறைந்ததா?

"குழந்தைகளுக்குப் பேயைக் காட்டும் பண்டிகை எதுக்குடி?" என்று ஹாலோவீனைப் பற்றிக் கேட்டிருந்தாய். எனக்கும் அந்தக் கேள்வி உண்டு. எதிர்வீட்டு வாசலில் ஆளுயர எலும்புக்கூடு ஒன்று நிற்கிறது. அக்டோபர் பிறந்ததிலிருந்து சின்னவன் அந்தப் பக்கம் நடக்கவே மாட்டேன் என்கிறான். தூக்கிக்கொண்டு போனால் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்கிறான். நம்மைச் சோறு தின்ன வைக்கப் பூச்சாண்டியைக் கூப்பிட்டார்களே, அந்தப் பயத்தை என் பிள்ளைக்குக் கொடுக்க மனசில்லை. அதனால் இந்த வருஷம் கடையில் எதுவும் வாங்காமல், எல்லாம் வீட்டிலேயே பிள்ளைகள் கையால் செய்வது என்று வைத்துக்கொண்டோம்.

முதலில் இலை. தெரு மேப்பிள் மரங்கள் இப்போது சிவந்து நிற்கின்றன. இலையை நரம்புப் பக்கம் மேலே இருக்கும்படி வைத்து, அதன் மேல் தாளைப் போட்டு, கிரயானைப் படுக்க வைத்துத் தேய்த்தால் நரம்பெல்லாம் அப்படியே எழும்பி வரும். "இலைக்கு யாரும்மா பெயின்ட் அடிச்சது?" என்றாள் பெரியவள். மஞ்சள் முன்பே உள்ளே இருப்பதுதான், பகல் குறுகக் குறுகப் பச்சை போய்விடுவதால் வெளியே தெரிகிறது, சிவப்பு மட்டும் இலை இப்போது புதிதாகச் செய்துகொள்வது என்று சொன்னேன். அன்றிலிருந்து ஒவ்வொரு இலையாக எடுத்து "இது பழசு, இது புதுசு" என்று பிரித்துக்கொண்டிருக்கிறாள்.

அப்புறம் பூசணி. இந்த நாட்டிலேயே பூசணி அதிகம் விளைவது எங்கள் இல்லினாய் மாநிலத்தில்தான். முகம் செதுக்கும் பெரிய காய் வெறும் தண்ணீர், கூட்டுக்கு உதவாது. செதுக்கினால் ஒரு வாரம் தாங்குவதே பெரிது என்பதால் போன ஞாயிறுதான் கை வைத்தோம். கத்தி என் கையில், கரண்டி பிள்ளைகள் கையில். மூடியைத் திறந்ததும் சின்னவன் முழங்கை வரை உள்ளே விட்டான். "ஐயே, சளி மாதிரி இருக்கும்மா" என்று முகத்தைச் சுளித்தான், ஆனால் கையை எடுக்கவில்லை. விதையைத் தண்ணீரில் போட்டால் மிதக்கும், நார் சுலபமாகப் பிரியும். ராத்திரி முழுக்க உலர்த்தி, உப்பு, துளி மிளகாய்த்தூள், நல்லெண்ணெய் பிசறி, ஓவனில் 175 டிகிரி செல்சியஸில் 20 நிமிஷம். வறுப்பதற்கு முன் பெரியவள் பத்துப் பத்தாகக் குவித்து எண்ணிவிட்டாள்: 386.

அயர்லாந்தில் முன்பு டர்னிப் கிழங்கில்தான் முகம் செதுக்குவார்களாம், கெட்ட ஆவி அண்டாமலிருக்க. அங்கிருந்து இங்கே குடியேறியவர்கள் பூசணிக்கு மாறினார்கள். இதைப் படித்ததும் உங்கள் புது வீட்டு வாசலில், மீசையும் பல்லுமாகத் தொங்கிய திருஷ்டிப் பூசணிதான் கண்ணில் நின்றது.

சின்னப் பூசணி ஒன்றுக்கு நீலப்பச்சைச் சாயம் பூசியிருக்கிறோம். 2014 முதல் நாடு முழுக்கப் பரவிய வழக்கம் இது. ஹாலோவீன் ராத்திரி பிள்ளைகள் வீடு வீடாக மிட்டாய் கேட்டு வருவார்கள். வாசலில் நீலப்பச்சைப் பூசணி இருந்தால், இந்த வீட்டில் மிட்டாய் தவிர ஸ்டிக்கர், பென்சில் மாதிரிச் சாமான்களும் கிடைக்கும் என்று அர்த்தம். வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளும் தயங்காமல் வந்து வாங்கிப் போகலாம். எனக்கு இது ரொம்பப் பிடித்திருக்கிறது.

கடைசியாகப் பேய். அப்பா செப்டம்பரில் ஊர் திரும்பும்போது ஒரு பழைய வேட்டியை விட்டுப் போனார். அதில் இரண்டு சாண் கிழித்து, கெட்டிக் கஞ்சியில் முக்கி, கவிழ்த்த டம்ளர் மேல் பந்தை வைத்துப் போர்த்தினோம். பிழிந்தது முழுக்கச் சின்னவன்தான். ஒன்றரை நாளில் துணி விறைத்தது. டம்ளரையும் பந்தையும் எடுத்த பிறகும் பேய் தானாக நின்றது. கறுப்புத் தாளில் கண் வெட்டி ஒட்டினான், ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு. ராத்திரி அதைத் தன் படுக்கைக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னான். பேய்க்கு இருட்டென்றால் பயமாம்.

இன்று காலை பள்ளிக்குப் போகும்போது எதிர்வீட்டு வாசலில் அவனாகவே நின்றான். என் விரலை இறுக்கிப் பிடித்தபடி எலும்புக்கூட்டை அடியிலிருந்து உச்சிவரை பார்த்தான். "அம்மா, இதையும் கஞ்சியிலதான் செஞ்சாங்களா?" என்றான்.

நாளை ராத்திரி படம் அனுப்புகிறேன். அத்தையைக் கேட்டதாகச் சொல்.

உன்,
மீனா