நூற்றெண்பது கல் நடந்து கோயாசான்

அன்புள்ள சேது,

கடிதம் கிடைத்தது. முழங்கால் தேவலை, நவம்பர் முதல் வாரம் ஒசாகா வருகிறாய், மலைக்கோயில் ஒன்றுக்கு நடந்தே ஏற வேண்டும் என்கிறாய். அப்படியானால் கோயாசான் போ. ஆனால் ஊரோடு சேர்ந்து கேபிள் காரில் ஏறிவிட்டு நடந்து இறங்காதே. நடந்து ஏறு, கேபிள் காரில் இறங்கு. ஏற்றம் மூச்சைத்தான் வாங்கும். முழங்காலைத் தின்பது இறக்கம்.

கூகாய் என்ற புத்தத் துறவி 816இல் தன் ஷிங்கோன் மரபுக்கு மடம் அமைத்த மலை அது. அடிவாரத்து ஜிசோன்-இன் கோயிலிலிருந்து மேலே போகும் பழைய பாதைக்குச் சோயிஷி-மிச்சி என்று பெயர். 'சோ' கல் நட்ட வழி. ஒரு சோ சுமார் 109 மீட்டர். சோவுக்கு ஒரு கல் என்று மேலே பெரிய கோபுரம்வரை 180 கற்கள். முன்பு மரக்கம்பங்களாக இருந்தவற்றை 1265 முதல் 1285 வரை இருபது ஆண்டு உழைத்துக் கருங்கல்லாக மாற்றினார்கள். ஆளைவிட உயரமான கல். உச்சியைக் கவனித்துப் பார்: அடியில் சதுரம், அதன்மேல் உருண்டை, பிறகு கூரை, பிறை, மொட்டு. நிலம், நீர், தீ, வளி, வெளி, அதே வரிசையில். உனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கீழே சித்தம் என்ற பழைய இந்திய லிபியில் ஒரு வடமொழி பீஜ எழுத்து, அதன்கீழ் சீன எழுத்தில் எண். ஒன்றிலிருந்து பத்துவரையும் நூறுக்குமான எழுத்துகளை ரயிலிலேயே பழகிக்கொள். எண் இறங்கிக்கொண்டே வரும். கடிகாரத்தைவிட அதுதான் உதவும்.

கணக்கு இதுதான்: கல்லுக்கு இரண்டு நிமிடம் என்றால் ஆறு மணி நேரம். சாப்பாடு, ஓய்வு சேர்த்து ஏழு. நவம்பரில் ஐந்து மணிக்குச் சூரியன் மறையும், தேவதாருக் காட்டுக்குள் நாலரைக்கே இருட்டு. தங்கும் மடத்திலும் ஐந்துக்குள் வந்து சேரச் சொல்வார்கள், ஐந்தரை ஆறுக்கெல்லாம் இரவுச் சாப்பாடு. ஆகவே எட்டு மணிக்கு முதல் படியில் கால் வைத்தாக வேண்டும். ஒசாகாவின் நம்பா நிலையத்தில் ஆறேகாலுக்குள் நன்காய் கம்பெனி ரயிலைப் பிடி, ஹாஷிமோதோவில் மாறி, குதோயாமாவில் இறங்கு. சிறப்பு விரைவு வண்டியை நம்பி ஏறினால் அது குதோயாமாவில் நிற்காமல் போய்விடும். நிலையத்திலிருந்து ஜிசோன்-இன்னுக்கு இருபத்தைந்து நிமிட நடை. பெரிய பெட்டி ஒசாகாவிலேயே இருக்கட்டும்.

மலைமேல் பெண்களுக்கு 1872வரை தடை. கூகாயின் தாய் ஜிசோன்-இன்னில்தான் தங்கியிருந்தாராம்; மகன் மாதம் ஒன்பது முறை இறங்கி வந்து பார்த்ததால்தான் ஊருக்குக் குதோயாமா, 'ஒன்பது தடவை மலை', என்று பெயர் வந்ததாம். பிள்ளைப்பேறு, தாய்ப்பால், மார்பக நோய் இவற்றுக்கு வேண்டிக்கொண்டு துணி மார்பகங்கள் தைத்த பலகைகள் அங்கே தொங்கும். பார்த்துத் திகைக்காதே.

முதல் நாற்பது கல்தான் ஆளைப் படுத்தும். சீமைப்பனிச்சைத் தோப்புகளுக்கு நடுவே நெட்டுக்குத்தான ஏற்றம். தோப்பில் பழம் பறிக்காதே, வழியில் விற்றால் காசு கொடுத்து வாங்கு. உற்சாகத்தில் இங்கே வேகம் காட்டுகிறவர்கள்தான் கடைசியில் உட்கார்ந்துவிடுகிறார்கள். இங்கே மட்டும் கல்லுக்கு மூன்று நிமிடம் எடுத்துக்கொள். பிறகு மலைமுதுகில் நல்ல நடை. 120ஆம் கல்லருகே இரட்டைத் தோரி, அதாவது ஷிண்டோ கோயில் வாயில். 60ஆம் கல் யாதாதே, தார்ச்சாலை குறுக்கிடும் இடம். முடியாவிட்டால் இந்த இரண்டு இடத்திலும் கைவிடலாம்: தோரியிலிருந்து கமிகொசாவா நிலையத்துக்கும், யாதாதேயிலிருந்து கீ-ஹொசோகாவா நிலையத்துக்கும் இறங்கலாம். யாதாதேயை இரண்டு மணிக்குள் தொடவில்லை என்றால் வீம்பு பண்ணாதே. கடைசியில் தைமோன் வாயிலுக்கு முன் மறுபடி செங்குத்து; ஈர வேரும் உதிர்ந்த இலையும் வழுக்கும். வளைவு திரும்பியதும் 25 மீட்டர் உயரச் சிவப்பு வாயில் தலைக்குமேல் நிற்கும். அங்கிருந்து கோபுரம் இன்னும் சில கல்தான்.

தண்ணீர் ஒன்றரை லிட்டர், சாப்பாடு, நெற்றிவிளக்கு கையில் இருக்கட்டும். நடுவில் கடையை நம்பாதே. கறுப்புச் சட்டை வேண்டாம், இலையுதிர் காலத்துப் பெருங்குளவி கறுப்பைத்தான் துரத்தும். மேலே ஊர் ஏறக்குறைய 800 மீட்டரில் இருப்பதால் ஒசாகாவைவிடக் குளிர் தூக்கல்.

சைவக்காரன் உனக்குச் சாப்பாடுதான் கவலை. ரயிலடி உதோன் கடையில் நூடுல்ஸில் கறி இல்லையே என்று ஏமாறாதே. சாறு காய்ந்த மீன் சீவலில் வைத்தது. வழிக்கு உமேபோஷி, அதாவது உமே என்ற புளிப்புப் பழத்தின் ஊறுகாய், வைத்த சோற்றுருண்டை வாங்கு. மடத்துச் சாப்பாட்டில் அந்தக் குழப்பம் இல்லை: மீன், இறைச்சி, வெங்காயம், பூண்டு எதுவும் கிடையாது, சாறு கடற்பாசியிலும் காளானிலும். நம் விரதச் சமையல் மாதிரி. கோமா-தோஃபு என்று வருவது தோஃபுவே அல்ல. தோல் நீக்கிய எள்ளை அரைத்துப் பாலெடுத்து, குஸு கிழங்கு மாவைக் கரைத்து, அடுப்பில் களி கிண்டுவதுபோல் கை விடாமல் கிண்டி ஆறவைத்தது. கிண்டுவதை நிறுத்தினால் கட்டி தட்டும். கரண்டியில் எடுத்தால் நடுங்கும், வாயில் வைத்தால் எள் மட்டும் நிற்கும். கோயா-தோஃபு வேறு: அசல் சோயாத் தோஃபுவை உறையவைத்து உலர்த்தியது, பஞ்சுபோல் சாற்றைக் குடித்திருக்கும்.

குளியலறையில் வெளியே உட்கார்ந்து சோப்புப் போட்டு அலசிய பிறகே தொட்டியில் இறங்கு. உள்ளே துண்டு நனையக் கூடாது. யுகாதா என்ற பருத்தி அங்கியை இடப்பக்கம் மேலே வருமாறு கட்டு, மாற்றிக் கட்டுவது பிணத்துக்கு. பாய் விரித்த அறைக்குள் செருப்பு கூடாது. காலை ஆறு ஆறரைக்கு வழிபாடு. சம்மணம் போட்டு உட்காரலாம். சாம்பிராணித் தட்டு உன்னிடம் வந்தால் பொடியை ஒரு சிட்டிகை எடுத்து நெற்றிக்கு உயர்த்திக் கனலில் போடு. இந்த மரபில் மூன்று முறை.

ஓகுனோ-இன் கல்லறைக் காட்டுக்கு விடிகாலையில் போ. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட நினைவுக் கற்கள். கடைசிப் பாலம் தாண்டினால் படம் எடுக்கக் கூடாது. கூகாய் 835 முதல் அங்கே தியானத்தில் இருப்பதாக நம்பிக்கை. இன்றும் நாளுக்கு இரண்டு வேளை உணவு கொண்டுபோகிறார்கள். கோபுரத்துக்குள் இந்த மரபின் எட்டு ஆசான்களின் ஓவியங்கள் இருக்கின்றன. அதில் வஜ்ரபோதியைத் தேடிப் பார். 8ஆம் நூற்றாண்டில் தென்னிந்தியாவிலிருந்து இலங்கை வழியாகக் கடலேறிச் சீனம் போனவர், ஜப்பானியர் வாயில் கொங்கோச்சி.

திரும்பும்போது கேபிள் கார் நிலையத்துக்குப் பேருந்திலேயே போ, அந்தச் சாலையில் நடக்க அனுமதி இல்லை. கையில் ரொக்கம் வைத்துக்கொள்.

நவம்பரில் மடங்கள் சீக்கிரம் நிறைந்துவிடும். தேதியை இந்த வாரமே எழுது. மீனாவும் வருகிறாள் என்றால் அவள் கேபிள் காரில் ஏறி மேலே காத்திருப்பாளா, உன்னோடு நடப்பாளா என்பதையும் சேர்த்து எழுது.

அன்புடன்,
ரகு