அழித்துவிடுங்கள் என்று எழுதினாயே

அன்புள்ள மகளுக்கு,

அம்மா நலமாக இருக்கிறாள், தம்பியின் தேர்வும் முடிந்துவிட்டது. அவற்றையெல்லாம் விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் உன் டேப்லெட் மேசைமேல் கண்ணெதிரே கிடக்கும்போது வேறெதிலும் மனம் நிலைக்கவில்லை. மென்பொருள் புதுப்பிப்பு பாதியில் நின்றுவிட்டது என்று நான் தெரிவித்தபோது, "அழித்துவிடுங்கள் அப்பா, எனக்கு அது வேண்டாம்" என்று ஒரு வரி எழுதினாய். அதன்பின் பதினெட்டு நாளாகப் பேச்சில்லை. உனக்கு வேலை அதிகம் என்று அம்மாவிடம் நானாகவே சொல்லிவருகிறேன்.

நீ அவசரத்தில் எழுதியிருக்கலாம் என்பதால், அழிப்பது என்றால் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றையும் அழித்து, வாங்கியபோது இருந்த நிலைக்குத் திருப்பும் ஃபேக்டரி ரீசெட்டைச் செய்தால் பத்து நிமிடத்தில் டேப்லெட் உயிர்பெற்றுவிடும் என்று பழுதுபார்ப்பவரும் சொன்னார், நான் ஒப்பவில்லை. உள்ளேயிருக்கும் கோப்புகள் குறியாக்கம் செய்யப்பட்டவை. அவற்றைத் திறக்கும் சாவி, நீ வைத்த கடவு எண்ணோடும் அந்தக் கருவிக்குள் இருக்கும் சில்லோடும் பிணைந்தது. ரீசெட் செய்தால் அந்தச் சாவியே போய்விடும். பிறகு நினைவகத்தைக் கழற்றி எடுத்துப் படித்தாலும் பொருளற்ற எண்கள்தான் கிடைக்கும். இழந்ததை மீட்டுத் தருவதாக விளம்பரம் செய்யும் மென்பொருள்களாலும் அப்போது ஒன்றும் ஆகாது. ஆகவே அழிக்கச் சொல்வதற்கு முன் ஒருமுறைக்கு இருமுறை யோசி.

மெமரி கார்டைக் கழற்றிக் கணினியில் போட்டுப் பார்த்தேன். நீ அதைத் தனிச் சேமிப்பாகவே வைத்திருந்ததால் தடையின்றித் திறந்தது. 214 படங்கள் இருந்தன, அத்தனையையும் இரண்டு இடங்களில் படியெடுத்து வைத்துவிட்டேன். ஆனால் அவை முடித்து வெளியே எடுத்த படங்கள் மட்டுமே. அடுக்கடுக்காக நீ வரைந்துகொண்டிருந்தவை, முடிக்காமல் விட்டவை எல்லாம் வரையும் செயலிக்குள்ளேயே, டேப்லெட்டின் உள்நினைவகத்தில் இருக்கின்றன. உன் கணக்கில் தானாகச் சேமிக்கும் வசதி இருந்ததே என்று முதலில் ஆறுதல் கொண்டேன். ஆண்ட்ராய்டின் அந்த வசதி ஒரு செயலிக்கு 25 மெகாபைட் வரைதான் எடுத்துக்கொள்ளும் என்று பிறகுதான் தெரிந்தது. உன்னுடைய ஒரு படமே அதைத் தாண்டும். இப்போது நீ செய்யும் வேலைகளையாவது இரண்டு இடங்களில் வைத்திரு. இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்பாய், ஆனாலும் வைத்திரு.

ஆறு ஆண்டு உழைப்பை ஒரே வரியில் வேண்டாம் என்று எழுதக் கூடாது, மகளே. கணினியில் அந்தப் படங்களை எதேச்சையாகப் பார்த்த பழுதுபார்ப்பவர், வேலையை நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். யார் வரைந்தது என்று கேட்டார். என் மகள் என்றேன். அப்படி எவரிடமும் நான் சொன்னது அதுவே முதல் முறை.

புதுப்பிப்பு தானாக நின்றது என்று உன்னிடம் சொன்னேன் அல்லவா, அது உண்மையன்று. புதிய கருவிகள் பலவற்றில் மென்பொருளுக்கு இரண்டு அறைகள் உண்டு. ஒன்றில் புதியது ஏறாவிட்டால் மற்றதிலிருக்கும் பழையதற்கே திரும்பிவிடும். உன்னுடையதில் அந்த ஏற்பாடு இல்லை. நாற்பது நிமிடமாகத் திரை அசையாமல் இருந்ததைக் கண்டு பதறி, அணைக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்தவன் நான்தான். அன்றிரவு அதைத் திறந்ததும் புதுப்பிப்பதற்காக அன்று. நீ போன எட்டு மாதமாக, அம்மா தூங்கிய பிறகு, உன் படங்களைப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. கடவு எண்ணை, பாட்டி பிறந்த ஆண்டை, நீ மாற்றாமலே போயிருந்தாய். எனக்காகத்தான் விட்டுவைத்தாயோ என்றுகூட நினைத்துக்கொண்டேன். செயலிக்குள்ளே நான் மேசைமுன் உட்கார்ந்திருக்கும் படம் ஒன்று இருந்தது; முதுகும் தோளும் முடிந்திருந்தன, விளக்கொளி பாதி விழுந்திருந்தது, அதற்குமேல் நீ வரையவில்லை. அந்தக் கோப்பின் தேதியைப் பார்த்தேன். "படம் வரைவதை விடுமுறைக்கு வைத்துக்கொள்" என்று நான் சொல்லி, அந்தப் படிப்புக்கான விண்ணப்பத்தை மடித்து உன்னிடமே திருப்பிக் கொடுத்த மாலை அது. அந்த மாலையைப் பற்றி இத்தனை நாளும் நான் வாய் திறந்ததில்லை. நான் செய்தது தவறு. அந்தப் படம் கார்டில் இல்லை.

பழுதுநீக்கத்துக்கென்றே உள்ள ரெக்கவரி திரைக்குப் போய்த் தற்காலிகக் கோப்புகளை மட்டும் நீக்கிப் பார்த்தேன். அதனால் உன் கோப்புகளுக்குக் கேடில்லை, பயனும் இல்லை. மீதியிருப்பது ஒரு வழி. தயாரிப்பாளர் வெளியிட்டிருக்கும் முழு மென்பொருள் கோப்பை, கணினியிலிருந்து கேபிள் வழியாக, உள்ளிருப்பதை அழிக்காமல் மேலேற்ற வேண்டும். உன் டேப்லெட்டின் மாதிரி எண்ணுக்கே (மாடல் நம்பர்) உரிய கோப்பாக இருக்க வேண்டும், இப்போதிருக்கும் பதிப்புக்கு முந்தியதாக இருக்கக் கூடாது, நடுவில் கேபிள் அசையக் கூடாது. அது பலித்துப் பூட்டுத்திரை வந்துவிட்டால், கடவு எண்ணை இட்டு எல்லாவற்றையும் படியெடுத்துவிடலாம். பலிக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. கோப்பைப் பதிவிறக்கி, மாதிரி எண்ணை மூன்று முறை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன். ஆனால் இம்முறை உன்னைக் கேட்காமல் எதையும் தொட மாட்டேன். கோபம் தீராவிட்டால் என்னோடு பேச வேண்டியதில்லை. செய்யுங்கள் என்று ஒரு சொல் எழுதினால் போதும், ஞாயிற்றுக்கிழமை காலை தொடங்குகிறேன். நீயே வந்து செய்வதானால் அதுவரை அணைத்தபடியே வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா