'ஷ்ரைப்டிஷ்': இரு பாதியும் லத்தீன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜெர்மன் கூட்டுச்சொற்களைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரை, எழுதுமேசையைக் குறிக்கும் 'ஷ்ரைப்டிஷ்' என்பதைப் பிறமொழிக் கலப்பில்லாத சொல்லாக்கத்துக்குச் சான்றாகக் காட்டியிருந்தது. பல ஆண்டுகளாக ஜெர்மன் கற்பித்து வருபவன் என்ற முறையில் இதைத் திருத்த வேண்டியது என் கடமை. அச்சொல்லின் இரு பகுதிகளும் லத்தீனிலிருந்து வந்தவை.

எழுதுதலைக் குறிக்கும் 'ஷ்ரைபன்', லத்தீன் 'ஸ்க்ரீபெரே'யின் வழிவந்தது. அதற்கு முன்பே, கீறி எழுதுவதற்கு ஜெர்மானியரிடம் சொந்த வினை ஒன்று இருந்தது. அது ஆங்கிலத்தில் 'ரைட்' என நிலைத்துவிட, ஜெர்மனிலோ 'ரைசன்' என்றாகிக் கிழித்தலைக் குறிக்கலாயிற்று. வரைபலகைக்கு வழங்கும் 'ரைஸ்ப்ரெட்' போன்ற சொற்களில் பழைய பொருளின் தடம் இன்னும் இருக்கிறது. இரவல் வினையோ வீட்டுப் பிள்ளையாகவே வளர்ந்துவிட்டது. 'ஷ்ரைபன், ஷ்ரீப், கெஷ்ரீபன்' என்பதையும், தங்குதலைக் குறிக்கும் சொந்த வினையான 'ப்ளைபன், ப்ளீப், கெப்ளீபன்' என்பதையும் கரும்பலகையில் அருகருகே எழுதினால், எது வந்தது, எது இருந்தது என்று எந்த மாணவராலும் சொல்ல முடிவதில்லை.

'டிஷ்' இன்னும் சுவையானது. எறிவட்டைக் குறித்த கிரேக்க 'டிஸ்கோஸ்', லத்தீனில் 'டிஸ்குஸ்' ஆகித் தட்டையும் குறித்தது. இன்றைய ஜெர்மனின் முன்வடிவமான பழைய உயர் ஜெர்மனில் அது உண்கலம், மேசை ஆகிய இரண்டுக்கும் வழங்கியது. ஜெர்மானியர் தனித்தனி இருக்கையில் அமர்ந்து, ஆளுக்கொரு மேசையில் உண்டதாக ரோம வரலாற்றாசிரியர் டாசிடஸ் கி.பி. 98 அளவில் எழுதியிருக்கிறார். ஒருவருக்கு மட்டுமான சிறு பலகையில் தட்டுக்கும் மேசைக்கும் வேறுபாடு அதிகம் இருந்திருக்காது. ஆங்கிலத்தில் தட்டைக் குறிக்கும் 'டிஷ்' என்பதும் இதன் உடன்பிறப்பே. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகத் தெரிந்தாலும், ஆங்கிலத்தில் முதலெழுத்து மெலிந்தும் ஜெர்மனில் வலிந்தும் ஒலிக்கும். உயர் ஜெர்மனில் மெய்யொலிகள் மாறுவதற்கு முன்பே இச்சொல் அங்கே புகுந்துவிட்டது என்பதற்கு அந்த வல்லொலியே சான்று.

ஆக, ஜெர்மனுக்கு உரியது கூட்டும் முறைதான். காலம் காட்டாத வினையடியைப் பெயரோடு சேர்க்கும் அம்முறை, நம் வினைத்தொகையை அப்படியே ஒத்தது. 'எழுதுமேசை'யிலும் 'மேசை' போர்த்துக்கீசியர் வழியாக வந்த லத்தீன் 'மென்சா'தான். ஜெர்மானியரின் மேசைக்கு டாசிடஸ் எழுதிய சொல்லும் அதுவே.

இத்திருத்தத்தை அடுத்த இதழில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஜெர்மன் மொழி ஆசிரியர் ஒருவர்,
கோயம்புத்தூர்